சைவத்துக்கு மாறும் மீன்கள்

மீன்தூளுக்குப் பதில் சோயா என்பது கடலுக்கு நல்ல செய்தி. மீன் வளர்ப்பவருக்கு? பதில் குளத்தில் இல்லை, புண்ணாக்குச் சந்தையில் இருக்கிறது.

புனேயிலிருந்து சோலாப்பூர் நெடுஞ்சாலையில் சுமார் 100 கி.மீ. போனால் பிக்வண். குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்கக் கேமராவும் கையுமாக வருபவர்களால் நிறையும் ஊர். ஆண்டு முழுவதும் அங்கே வருகிறவர்கள் மீன் வாங்க வருகிறார்கள். பீமா நதியின் குறுக்கே 1980-ல் கட்டி முடிக்கப்பட்ட உஜனி அணை, புனே மாவட்டத்தின் இந்தாபூர் வட்டம் வரை நீரைத் தேக்கி வைத்திருக்கிறது. அந்தத் தேக்கத்திலிருந்து வரும் கூடைகளில் கட்லாவும் ரோகுவும் இருக்கும். ஆனால் பெரும் பங்கு திலேப்பியாவுக்குத்தான். மராத்தியர்கள் அதைச் 'சிலாபி' என்கிறார்கள், நாம் 'ஜிலேபி' என்கிறோம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீனின் பெயரை இரண்டு மொழிகளும் தத்தம் நாக்குக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டன.

இந்த ஜிலேபிக்கு யாரும் தீனி போடுவதில்லை. சரியாகச் சொன்னால், புனே நகரம் போடுகிறது. முளா-முட்டா நதி நகரத்தின் சாக்கடையைச் சுமந்துகொண்டு பீமாவில் கலக்கிறது. பீமா அதை உஜனியில் சேர்க்கிறது. கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரைப் பச்சையாக்குகின்றன. பாசி பெருகுகிறது, பாசியை மேய்ந்து ஜிலேபி பெருகுகிறது. காசில்லாத தீவனம். அந்த நீரைக் குடிக்க வேண்டிய சோலாப்பூர்வாசிகளுக்கு இந்த ஏற்பாட்டில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை என்பது வேறு கதை.

அணையைவிட்டுக் கரையேறினால் கணக்கு மாறுகிறது. பண்ணைக் குட்டையில் ரோகு வளர்ப்பவருக்கும், நீர்த்தேக்கத்தில் கூண்டு மிதக்கவிட்டுப் பங்காசியஸ் வளர்ப்பவருக்கும் தீவனம் மூட்டையில்தான் வரவேண்டும். 2020-ல் மத்திய அரசு 20,050 கோடி ரூபாய் மதிப்பில் அறிவித்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் கூண்டுக்கும் குட்டைக்கும் மானியம் தருகிறது. தினமும் போடவேண்டிய தீனியை வளர்ப்பவர்தான் வாங்கவேண்டும். ஒரு மீன் பண்ணையின் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனத்தில் விலையுயர்ந்த பகுதி புரதம்.

அந்தப் புரதம் எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் உலகமெங்கும் ஒரே பதில்தான்: மீனிலிருந்து. சிறு மீன்களை அவித்து, பிழிந்து, உலர்த்தி, அரைத்தால் மீன்தூள். 60 சதவிகிதம் வரை புரதம், சீரான அமினோ அமிலங்கள், மீனுக்குப் பிடித்த வாசனை. குறை ஒன்றுதான்: ஒரு கிலோ மீன்தூளுக்கு 4 முதல் 5 கிலோ பச்சை மீன் வேண்டும். அப்படி அரைபடுவது பெரும்பாலும் மத்தி, நெத்திலி போன்ற, ஏழை வீட்டுக் குழம்பில் கொதிக்கவேண்டிய மீன்கள். கேரளத்தில் 2012-ல் 4 லட்சம் டன்னை நெருங்கிய மத்தி, 2021-ல் வெறும் 3,297 டன்னாகச் சரிந்தது என்பது மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. சரிவுக்குக் கடலின் மாற்றங்களே முக்கிய காரணம் என்கிறார்கள். ஆனால் மத்தி அரிதாகும் ஆண்டுகளில் சமையலறையும் அரவை ஆலையும் ஒரே கூடைக்குக் கை நீட்டுகின்றன.

ஆக, மீனுக்குச் செடியின் புரதத்தைக் கொடுப்பது நல்ல யோசனை. புது யோசனை என்று சிலர் விற்கிறார்கள். அது உண்மையில்லை.

பழைய பாடம்

நம் கெண்டைகள் என்றைக்குமே புண்ணாக்கில் வளர்ந்தவைதான். 1957 ஜூலை 10 அன்று, ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குன்ஹியும் ஒடிசாவில் ஹார்மோன் ஊசி போட்டுக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள். (அதனால்தான் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினம்.) ஆற்றில் குஞ்சு பொறுக்கும் காலம் அத்தோடு முடிந்தது. 1959-ல் புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தன. 1971-ல், உள்நாட்டுக் கெண்டைகள் மூன்றையும் வெளிநாட்டுக் கெண்டைகள் மூன்றையும் ஒரே குளத்தில் வளர்க்கும் அகில இந்திய கூட்டு மீன் வளர்ப்பு ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் மையங்களில் புனேயும் ஒன்று. தமிழ்நாட்டுக்கு பவானிசாகர்.

மேல் நீரில் மேயும் கட்லா, நடு நீரில் ரோகு, அடிச் சேற்றைக் கிளறும் மிருகால். மிதவைப் பாசிக்கு வெள்ளிக் கெண்டை, களைக்குப் புல் கெண்டை, மிச்சம் மீதிக்குச் சாதாக் கெண்டை. ஒன்றின் தட்டில் இன்னொன்று கை வைக்காது. சாணமும் உரமும் போட்டால் குளமே பாதிச் சாப்பாட்டைச் சமைத்துவிடும். மீதிக்குக் கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சரிபாதி. மீன்தூள் அநேகமாகக் கிடையாது. ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சில நூறு கிலோ தந்துகொண்டிருந்த குளங்கள், இந்த முறையில் 3 டன், 5 டன் என்று தந்தன. ஒரு சில குளங்கள் அதையும் தாண்டின. பிற்பாடு 2005-ல் உலக உணவுப் பரிசு பெற்ற மொடடுகு விஜய் குப்தா இந்தத் திட்டத்தில் பாடம் கற்றவர்களில் ஒருவர்.

புண்ணாக்கு முறைக்கு இரண்டு கோளாறுகள் இருந்தன. ஒன்று சேதாரம். தூளாகப் போட்ட தீனியில் ஒரு பங்கு மீனின் வாயைச் சேராமலே கரைந்து சேறாகிவிடும். ஆந்திரத்தின் கொல்லேறு பகுதி விவசாயிகள் இதற்கு எளிய வழி கண்டார்கள். சாக்கில் துளைகள் போட்டு, தவிடும் புண்ணாக்கும் நிரப்பி, கம்பில் கட்டித் தொங்கவிட்டார்கள். மீன் வந்து முட்டி முட்டித் தின்னும். எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் பிறக்காத உத்தி அது. இன்றும் லட்சக்கணக்கான டன் மீன் அப்படித்தான் வளர்கிறது.

இரண்டாவது கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தது. அந்தப் பூசணத்தின் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். அதே காலத்தில் அமெரிக்காவின் டிரவுட் மீன் பண்ணைகளில் மீன்களுக்குக் கொத்துக்கொத்தாக ஈரல் புற்றுநோய் கண்டது. அங்கே குற்றவாளி பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, நஞ்சு அதே அஃப்ளாடாக்சின். மழைக்காலத்தில் ஈரமான கிடங்கில் அடுக்கிய கடலைப் புண்ணாக்கு மூட்டைக்கு இந்த ஆபத்து இன்றும் உண்டு.

கடலைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. லைசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. சோயாவில் லைசின் தாராளம். இங்கேதான் சோயா நுழைகிறது. நுழைந்த விதம் சுவாரசியமானது, அதற்குப் பெரு நாட்டுக் கடற்கரை வரை போய்வர வேண்டும்.

நெத்திலியும் நிக்சனும்

1970 வாக்கில் உலகத்தின் மிகப்பெரிய மீன்பிடி நாடு பெரு. ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் நெத்திலி வகை மீன் பிடித்தார்கள், ஏறக்குறைய எல்லாமே மீன்தூளாகிக் கோழிக்கும் பன்றிக்கும் போனது. 1972-ல் எல் நினோ வந்து கடல் சூடாயிற்று. ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்திருந்ததால் 1973-ல் பிடிப்பு 20 லட்சம் டன் அளவுக்கு விழுந்தது. மீன்தூள் கிடைக்காத தீவன ஆலைகள் சோயாவின் பக்கம் ஓடின. சோயா விலை எகிற, உள்நாட்டில் இறைச்சி விலை ஏறிவிடும் என்று பயந்த அமெரிக்க அதிபர் நிக்சன் 1973 ஜூனில் சோயா ஏற்றுமதியையே நிறுத்தினார். தடை சில மாதங்கள்கூட நீடிக்கவில்லை. ஆனால் அமெரிக்க சோயாவை நம்பியிருந்த ஜப்பான் அதிர்ந்துபோய், பிரேசிலின் செர்ராடோ புல்வெளிகளைச் சோயா வயல்களாக்க உதவப் புறப்பட்டது. இன்று உலகத்தின் முதல் சோயா நாடு பிரேசில். மீனும் சோயாவும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்று உலகம் கண்டுகொண்ட ஆண்டு 1973.

இந்தியாவில் அந்தச் சமயம் சோயா சில பத்தாயிரம் ஹெக்டேரில்தான் இருந்தது. இன்று ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல். மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமும் முதல் இரண்டு இடங்களில். நாம் சோயா பயிரிட்டது எண்ணெய்க்காக. 100 கிலோ பயறில் எண்ணெய் 18 கிலோ சொச்சம்தான், ஏறக்குறைய 80 கிலோ புண்ணாக்கு. அந்தப் புண்ணாக்கைப் பல ஆண்டுகள் கப்பலேற்றி அந்நியச் செலாவணி ஈட்டினோம். பிற நாட்டுக் கோழிகள் தின்றன. நம் கோழிக்கும் மீனுக்கும் அது வேண்டியிருக்கும் என்று 1980-களில் கணக்குப் போட்டவர்கள் குறைவு.

பக்கத்து நாடு போட்டது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க சோயா சங்கத்தார் சீனாவுக்குப் போய், ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஷ்மிட்டூ வகுத்த '80:20' முறையை விவசாயிகளிடம் பரப்பினார்கள். குளத்தின் விளைச்சலில் 80 சதவிகிதம் தீவனம் தின்னும் ஒரே இன மீன். 20 சதவிகிதம் நீரைச் சுத்தம் செய்யும் வெள்ளிக் கெண்டை போன்றவை. தீவனமோ சோயாவை முதுகெலும்பாகக் கொண்ட குருணை. சங்கத்துக்கு இதில் தர்ம சிந்தனை ஒன்றும் இல்லை. தன் சரக்குக்குச் சந்தை தேடிற்று. ஆனால் முறை பலித்தது. சீனா இன்று உலகத்தின் மிகப்பெரிய சோயா இறக்குமதி நாடு. அதில் மீனுக்குப் போகும் பங்கு சிறிதல்ல.

புனேயில் மூன்று வாசல்

மீன் தீவனத்தின் இன்றைய சிக்கலைப் புரிந்துகொள்ள, இந்தியாவில் புனேயைவிடத் தோதான இடம் கிடையாது.

முதல் வாசல், அகர்கர் ஆராய்ச்சி நிலையம். மகாராஷ்டிர விஞ்ஞான வளர்ச்சிச் சங்கமாக 1946-ல் தொடங்கி, 1992-ல் பெயர் மாறியது. சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான 'மேக்ஸ்' என்ற அடைமொழியோடு பல சோயா ரகங்கள் இங்கிருந்து வந்திருக்கின்றன. 2021-ல் அறிவிக்கப்பட்ட மேக்ஸ் 1407 ஹெக்டேருக்கு 39 குவிண்டால் தரவல்லது, 41 சதவிகிதம் புரதம் கொண்டது. வேடிக்கை என்னவென்றால் அது அசாம், மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட் பக்கத்துக்கான ரகம். உஜனிக் கரைக்கு அல்ல.

இரண்டாவது வாசல், கோழி. நாட்டின் மிகப்பெரிய கோழிக் குழுமங்களில் ஒன்றான வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸின் தலைமையகம் புனேயில்தான். முட்டைக்குத் தினமும் விலை சொல்லும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவும் அங்கேதான். இந்தியாவில் அரைபடும் சோயாப் புண்ணாக்கில் சிங்கப் பங்கு கோழிக்குப் போகிறது. நாமக்கல் முட்டையும் பல்லடம் கறிக்கோழியும் இதே சோயாவை நம்பியவைதான். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தது மீன்.

மூன்றாவது வாசல், எரிசாராயம். பலருக்கும் இதில் மீன் எங்கே வருகிறது என்று தோன்றும். பிறகு சொல்கிறேன்.

குடல் ஒப்புக்கொள்ளுமா?

சோயாப் புண்ணாக்கில் 44 முதல் 48 சதவிகிதம் புரதம். மீன்தூளின் விலையில் பெரும்பாலும் பாதிக்கும் கீழே. அப்படியானால் முழுக்க மாற்றிவிட வேண்டியதுதானே? தடைகள் செடியின் பக்கம் உண்டு. தன் விதையைத் தின்ன வருபவனுக்குச் செடி சும்மா விருந்து வைப்பதில்லை.

பச்சைச் சோயாவில் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது. புரதத்தைச் செரிக்கும் நொதியின் கையை அது கட்டிப்போட்டுவிடும். வேகவைத்தால் அடங்கும். அதற்காக அதிகம் வேகவைத்தால் லைசின் கருகி, வாங்கிய புரதம் வீணாகும். நல்ல ஆலையில் யூரியேஸ் சோதனை செய்து பதம் பார்ப்பார்கள். சோறு வடிக்கும் பதம்போலத்தான், குழைந்தாலும் குற்றம், விதையாக நின்றாலும் குற்றம்.

அடுத்தது பாஸ்பரஸ். தானியத்திலும் பயறிலும் உள்ள பாஸ்பரசில் பெரும்பகுதி ஃபைடேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. வாய், குடல், அவ்வளவுதான். அமிலம் சுரக்காத வயிற்றால் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. செரிக்காத பாஸ்பரஸ் எச்சமாக வெளியேறி நீரைப் பச்சையாக்கும். ஃபைடேஸ் நொதியைத் தீவனத்தில் சேர்த்தால் பூட்டு திறக்கும். உஜனி போல ஏற்கெனவே பாசியில் திணறும் நீரில் கூண்டு போடுபவர்கள் இதைக் கவனிக்காமல் இருந்தால், சாக்கடைக்குத் தாங்களும் ஒரு வாய்க்கால் வெட்டிவிடுகிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது, மெத்தியோனின். சோயாவில் அது குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் நிறைய. கடலை, சோயா, எள் என்று கலந்தால் ஒன்றின் குறையை ஒன்று மூடும். ஆலைகள் செயற்கை மெத்தியோனினைத் தூவிவிடுகின்றன. விதர்பாவில் மலிவாகக் கிடைக்கும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிபால் என்ற நஞ்சு உண்டு. அளவோடுதான் போடலாம்.

இத்தனைக்குப் பிறகும் ரோகு, கட்லா, ஜிலேபி, பங்காசியஸ் ஆகியவை 25 முதல் 30 சதவிகிதம் புரதத்தில் வளர்பவை. அவற்றுக்கு மீன்தூள் அறவே இல்லாத தீவனம் போதும், வளர்ச்சி குறையாது. சிக்கல் அசைவ மீன்களுக்குத்தான். விராலுக்கும் கொடுவாவுக்கும் 40 சதவிகிதத்துக்கு மேல் புரதம் வேண்டும். வாசனை பிடிக்காவிட்டால் தீனியைத் துப்பிவிடும். சால்மன் மீனுக்குச் சோயா அதிகமானால் பின்குடலில் அழற்சியே வருகிறது. ஆனாலும் நார்வே விடவில்லை. 1990-ல் சால்மன் தீவனத்தில் சுமார் 90 சதவிகிதம் கடல் சரக்கு. கால் நூற்றாண்டுக்குள் அது 30 சதவிகிதத்துக்குக் கீழே வந்துவிட்டது, மிச்சம் செடி. அதற்கு விலையும் உண்டு. ஸ்காட்லாந்து சால்மனில் இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் ஒமேகா-3, 2006-க்கும் 2015-க்கும் இடையே பாதியாகக் குறைந்துவிட்டதென ஸ்டெர்லிங் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டார்கள். செடியைத் தின்ற மீன் செடியின் கொழுப்பைத்தானே சேர்த்து வைக்கும்?

இறால் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையம் உள்நாட்டுப் பொருள்களைக் கொண்டு 'வன்னாமி பிளஸ்' தீவனத்தை உருவாக்கியது. நோக்கம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் விலைப் பிடியைத் தளர்த்துவது. அதிலும் சோயாவுக்கு முக்கிய இடம்.

அறிவியல் பக்கம் இப்படி ஒவ்வொரு முடிச்சும் அவிழ்ந்துகொண்டிருக்க, 2021-ல் வேறு பக்கத்திலிருந்து அடி விழுந்தது.

100 ரூபாய்ப் புண்ணாக்கு

அந்த ஆண்டின் தொடக்கத்தில் சோயாப் புண்ணாக்கு கிலோ 40 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆகஸ்டில் 100 ரூபாயைத் தொட்டது. ஒரு குவிண்டால் சோயா பயறு 10,000 ரூபாயைத் தாண்டியது. அப்போது அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 3,950 ரூபாய்தான். விவசாயிகளில் பெரும்பாலோரிடம் அந்த நேரத்தில் விற்க சரக்கே இல்லை. முந்தைய அறுவடையை எப்போதோ விற்றிருந்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. கிலோ தீவனத்தில் 300 கிராம் சோயா என்று வைத்துக்கொள்வோம். சோயா 60 ரூபாய் ஏறினால் தீவனம் 18 ரூபாய் ஏறும். ஒரு கிலோ மீன் வளர ஒன்றரைக் கிலோ தீவனம் தேவை என்றால், மீனின் அடக்கவிலையில் 27 ரூபாய் கூடுகிறது. மொத்த வியாபாரி இதற்காக 27 ரூபாய் கூட்டித் தருவாரா? பிக்வண்ணில் காசில்லாமல் வளர்ந்த ஜிலேபி குவிந்து கிடக்கும்போது ஏன் தரவேண்டும்?

கோழித் தொழில் சங்கங்கள் டெல்லியின் கதவைத் தட்டின. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு, மரபணு மாற்றிய சோயாவிலிருந்து வந்த புண்ணாக்கு 12 லட்சம் டன்னை இறக்குமதி செய்ய அனுமதித்தது. மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட இந்தியாவில் அனுமதி கிடையாது. பிண்ணாக்குக்கு உயிர் இல்லை, முளைக்காது, அதனால் ஆட்சேபமில்லை என்பது வாதம். புது அறுவடை சந்தைக்கு வரும் வேளையில் கப்பலை அழைக்கிறார்களே என்று சோயா ஆலைக்காரர்களும் விவசாய சங்கங்களும் கொதித்தன. சில வாரங்களில் பயறு விலை ஏறக்குறைய பாதியாகியது. டிசம்பரில் 'செபி' சோயா முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தது.

இதில் மீன் வளர்ப்பவரின் குரல் எங்கே கேட்டது? இறால் ஏற்றுமதியாளர்களின் குரல் கொஞ்சம் கேட்டது. குட்டையில் ரோகு வளர்ப்பவருக்கு டெல்லிவரை போகும் சங்கம் இல்லை.

சாராய ஆலைச் சக்கை

இப்போது மூன்றாவது வாசல். 1980-களில் புனேயில் தொடங்கிய பிராஜ் இண்டஸ்ட்ரீஸ், எரிசாராய ஆலைகளை வடிவமைத்துக் கட்டித் தருவதில் நாட்டில் முன்னணி நிறுவனம். பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் கொள்கையால் ஆலைகள் பெருகின. 2023-ன் இறுதியில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தபோது மக்காச்சோளமும் அரிசியும் அந்த இடத்தைப் பிடித்தன. தானியத்தின் மாவுச்சத்து சாராயமாகிவிட, மிஞ்சும் சக்கையை உலர்த்தினால் டி.டி.ஜி.எஸ். என்ற பழுப்புத் தூள். மக்காச்சோளச் சக்கையில் புரதம் 30 சதவிகிதத்தை ஒட்டி, அரிசிச் சக்கையில் 45 வரை. சோயாவின் விலையில் ஒரு பங்குக்குக் கிடைத்தது.

தீவன ஆலைகள் சும்மா இருக்குமா? கோழிக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் சக்கை கலந்தார்கள். சோயாப் புண்ணாக்குக்குக் கிராக்கி சரிந்தது. 2024-25-க்கு ஆதரவு விலை 4,892 ரூபாய் என்று அறிவித்திருந்தும், அந்த அறுவடையில் மராத்வாடா சந்தைகளில் சோயா அதற்குக் கீழேயே விலைபோனது. 2024 நவம்பர் சட்டமன்றத் தேர்தலில் பா.ஜ.க. 6,000 ரூபாய் தருவோம் என்றது, காங்கிரஸ் 7,000 என்றது. மூன்றே ஆண்டில் சோயா கிடைக்கவில்லை என்ற புலம்பல், சோயாவை வாங்க ஆளில்லை என்ற புலம்பலாக மாறிவிட்டது. ஒரே நகரத்தின் ஒரு மூலையில் சோயா ரகம் பிறக்கிறது. இன்னொரு மூலையில் கட்டித்தரும் ஆலைகளின் கழிவு அந்தச் சோயாவின் விலையை இறக்குகிறது. இரண்டு மூலைகளையும் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

மீன் வளர்ப்பவருக்கு இது லாபம் போலத் தோன்றும். முழு லாபம் இல்லை. சக்கையில் நார் அதிகம், லைசின் குறைவு. மாவுச்சத்து போய்விட்டதால் மற்றதெல்லாம் மும்மடங்கு செறிவாகிறது. புரதம் மட்டுமல்ல, பூசணம் பிடித்த மக்காச்சோளமாக இருந்தால் அந்த நஞ்சும் மும்மடங்கு. கெண்டைத் தீவனத்தில் சக்கைக்கு ஓர் அளவு உண்டு. விலை மலிவாக இருக்கும்போது அளவு மறந்துபோவது மனித இயல்பு.

மலிவைத் தேடிப் போனால் இன்னும் கீழே இறங்க முடியும் என்பதையும் மகாராஷ்டிரம் பார்த்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளிறு என்ற 'தாய் மாகுர்' மீனை வளர்க்க 2000-ல் மத்திய அரசு தடை விதித்தது. ஆனாலும் கோழிக் கடைக் கழிவையும் அழுகிய இறைச்சியையும் கொட்டி ரகசியக் குட்டைகளில் அதை வளர்த்தார்கள். கழிவுக்கு விலை கிடையாது, புரதம் ஏராளம், மீனும் எதையும் தின்னும். 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்த பிறகு அதிகாரிகள் குட்டை குட்டையாகப் போய் அழித்தார்கள். கிலோ தீவனம் 50 ரூபாய் விற்கும் நாட்டில் இந்த ஆசை முழுதாகச் செத்துவிடும் என்று நம்புவது கடினம்.

மூட்டையில் எழுதாதது

மிதக்கும் குருணை வந்தபிறகு மீன் வளர்ப்பவருக்கு ஒரு பெரிய வசதி கிடைத்தது. மீன் தின்பது கண்ணுக்குத் தெரிகிறது. கால் மணி நேரத்துக்குப் பிறகும் குருணை மிதந்தால் நாளை குறைத்துப் போடலாம். மேகமூட்டமான நாளில் பிராணவாயு குறைந்து மீனுக்குப் பசி இருக்காது, அன்று நிறுத்தியே விடலாம். தூளைக் கரைத்த காலத்தில் கிலோ மீனுக்கு 3 கிலோ தீனி போன இடத்தில் ஒன்றரைக் கிலோ போதும் என்று ஆனது இதனால்தான். சோயா செய்ததைவிட மிதவை செய்த உபகாரம் பெரிது என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்தக் குருணைக்குள் என்ன இருக்கிறது? மூட்டையின்மேல் வழக்கமாக இருப்பது புரதம் இத்தனை சதவிகிதம், கொழுப்பு இத்தனை, நார், ஈரம். 28 சதவிகிதம் என்றால் 28 சதவிகிதம். அது சோயாவா, கடலையா, சாராய ஆலைச் சக்கையா, மத்தியா என்று மூட்டை சொல்வதில்லை. சோயா ஏறினால் சக்கை கூடும், சக்கை ஏறினால் வேறொன்று கூடும். எண் மட்டும் மாறாது. புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை நைட்ரஜனைத்தான் அளக்கிறது, தரத்தை அல்ல. மாற்றம் முதலில் தெரிவது மீனுக்கு. அதன் பிறகு, ஆறு மாதம் கழித்துத் தராசில் ஏற்றும்போது, வளர்த்தவருக்கு.

அகர்கர் நிலையமும் இந்தூரின் சோயா ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, குனிட்ஸ் வகை டிரிப்சின் தடுப்பான் இல்லாத ஒரு சோயா ரகத்தை உருவாக்கியிருக்கின்றன. மேக்ஸ்-என்.ஆர்.சி. 1667 என்று பெயர். சோயாப் பால் தயாரிப்போருக்கு வேகவைக்கும் செலவு மிச்சம் என்று அதைச் சிபாரிசு செய்கிறார்கள். அதே குணம் மீன் தீவனத்துக்கும் பொருந்தும். ஆனால் எண்ணெய் ஆலைக் கிடங்கில் எல்லா ரகச் சோயாவும் ஒரே குவியலாகத்தான் கொட்டப்படுகிறது. தனியாக வைத்தால் தனி விலை தருவேன் என்று இதுவரை எந்த மீனும் கேட்கவில்லை.